காய் ஏன் நிற்கவில்லை? பூச்செடிக் கலப்பில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மகரந்தம் தொட்டு வைத்தேன், காய் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனையாவது நாள் விழுந்தது? பெரும்பாலும் பதில் வராது. "ஒரு வாரம் இருக்கும், இல்லை, பத்து நாள்..." என்று இழுப்பார்கள். இரண்டாம் நாள் விழுந்த பூவில் கருவே உண்டாகவில்லை. இருபதாம் நாள் விழுந்த காயில் கரு உண்டாகி, வளர்ந்து, அப்புறம் செத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஒன்றுமே நடக்காது.

அதனால் கீழே உள்ளதைப் படிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. தொட்ட ஒவ்வொரு பூவின் காம்பிலும் ஒரு சீட்டு தொங்க வேண்டும். தாய்ச்செடியின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தந்தைச்செடியின் பெயர், கீழே தேதி. தாய் முதலில் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். மாற்றி எழுதினால் இரண்டு வருடம் கழித்து நீங்களே குழம்புவீர்கள். மார்க்கர் பேனாவை நம்பாதீர்கள். "அழியாத மை" என்று அட்டையில் போட்டிருக்கும், ஆறு மாத வெயிலில் வெள்ளையாகிவிடும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பட்டையில் மென்மையான பென்சிலால் எழுதினால் வருடக்கணக்கில் நிற்கும். இன்னும் நல்லது, மெல்லிய அலுமினியத் தகட்டில் பழைய பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவது. மை போனாலும் பள்ளம் போகாது.

இனி கோளாறுகள். பூ விழும் நாள் வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

மகரந்தமே கிடைக்கவில்லை

முதலில் பூவின் அமைப்பைப் பாருங்கள். அடுக்குப் பூக்களில் மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். நிறைய அடுக்கு இருந்தால் தூள் கொஞ்சமாகவோ இல்லாமலோ போவது இயல்பு. அடுக்குச் செம்பருத்தியில் இதழ்களை மெல்ல விலக்கிப் பார்த்தால், ஓரங்களில் இரண்டு மூன்று மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அவை போதும்.

ஒற்றைப் பூவிலும் தூள் இல்லை என்றால் நேரம் தவறியிருக்கலாம், அல்லது தேனீ முந்தியிருக்கலாம். தேனீக்கு நம்மைவிட நல்ல கடிகாரம். நாளை மலரப்போகிற மொட்டை இன்று மாலையே மெல்லிய வலைப்பையால் மூடிவையுங்கள். காலையில் மகரந்தப்பை வெடிக்காமல் மூடியே இருந்தால் காற்றில் ஈரம் அதிகம் என்று பொருள். பூவைப் பறித்து, ஒரு மேசை விளக்கின் இளஞ்சூட்டில் வைத்தால் சற்று நேரத்தில் வெடிக்கும்.

பூ மூன்று நாளுக்குள் காம்போடு விழுகிறது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தலைப்பில் அடங்கிவிடும். இங்கே நிறைய காரணங்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. ஆகவே ஊகிக்காமல் ஒழுங்காக ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதல் கழித்தல்: தூள் சரியான இடத்தில் விழுந்ததா?

செம்பருத்தியில் இந்தச் சந்தேகமே வராது. நடுவில் நீளும் தண்டின் நுனியில் ஐந்து சிறு வெல்வெட் உருண்டைகள், அவைதான் தூளை ஏற்கும் சூல்முடிகள். அவற்றுக்குக் கீழே தண்டைச் சுற்றி மகரந்தப்பைகள். தூளும் பெரியது, ஒரு மணி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். முள் முளைத்த மஞ்சள் ரவை மாதிரி சூல்முடியில் ஒட்டியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். ஐந்து உருண்டைகளிலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாலைவன ரோஜா என்கிற அடீனியம் அப்படி இல்லை. பூவின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் ஐந்து இறகு வால்கள் தெரியும். பலர் அந்த வால்களில் பிரஷை ஓட்டிவிட்டுக் காய்க்காகக் காத்திருக்கிறார்கள். நானும் ஒரு பருவம் முழுக்க அதைத்தான் செய்தேன். அங்கே தூளும் கிடையாது, சூல்முடியும் கிடையாது. இரண்டுமே கீழே, கூம்பு மாதிரி ஒட்டிக்கிடக்கும் ஐந்து மகரந்தப்பைகளுக்கு உள்ளே இருக்கின்றன.

செய்ய வேண்டியது இது. தந்தைப் பூவைப் பறித்து, இதழ்க்குழலை நீளவாக்கில் கிழித்து விரியுங்கள். கூம்பின் பக்கத்தை ஊசியால் நெம்பினால், உச்சிப் பகுதியில் வெளிர்மஞ்சள் தூள் கட்டியாக இருக்கும். அதை மெல்லிய பிரஷிலோ பல்குத்தும் குச்சியிலோ எடுங்கள். தாய்ப் பூவைச் செடியிலேயே விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் இதழைக் கிழித்து, கூம்பின் ஒன்றிரண்டு மகரந்தப்பைகளைப் பெயர்த்தெடுங்கள். உள்ளே குமிழ் மாதிரி ஒரு தலை தெரியும். ஏற்கும் இடம் அந்தக் குமிழின் உச்சியில் இல்லை, அடிப்பக்கத்தில், பசபசப்பான விளிம்பில் இருக்கிறது. தூளை அங்கே கீழிருந்து தொட்டு வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் இரண்டு சிறு கொம்புகள் எட்டிப் பார்த்தால் கை பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று மறக்க வேண்டாம்: அடீனியத்தின் பால் நஞ்சு. வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

இரண்டாவது கழித்தல்: தூளுக்கு உயிர் இருந்ததா?

மகரந்தத்தின் முதல் எதிரி ஈரம். மழையில் நனைந்த தூள், பனி கோத்த தூள், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே திறந்ததால் வியர்த்த தூள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. தூளைச் சேமிக்க வேண்டுமானால் முதலில் நிழலில் காயவைத்து, சிறு காகிதப் பொட்டலமாக மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் மூடி, அப்புறம்தான் குளிரில் வைக்க வேண்டும். எடுக்கும்போது டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இப்படிக் காய்ந்த தூள் உறைநிலையில் மாதக்கணக்கில் தாங்கும் செடிகள் உண்டு. அல்லி போலப் பூக்கும் டேலில்லிச் செடியை வளர்ப்பவர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். செம்பருத்தியில் மட்டும் நான் அன்றைய தூளையே நம்புகிறேன். தந்தை இன்று பூத்து தாய் நாளை பூக்கும் என்றால், தந்தைப் பூவை முழுசாகவே ஓர் இரவு குளிரில் வைத்து எடுப்பேன்.

வெயிலும் கொல்லும். கடும் கோடையில் தூள் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் முளைக்காது. அந்த மாதங்களில் பத்துப் பூ தொட்டு ஒன்றும் நிற்காவிட்டால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். வெயில் தணிந்ததும் அதே ஜோடியை மறுபடி தொட்டுப் பாருங்கள்.

நுண்ணோக்கி கையில் இருப்பவர்கள் தூளை நேராகவே சோதிக்கலாம். 100 மில்லி நீரில் 10 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் போரிக் அமிலம். அதில் ஒரு சொட்டு விட்டுத் தூளைத் தூவி, ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் சில மணி நேரம் வையுங்கள். உயிருள்ள தூளிலிருந்து வால் மாதிரி ஒரு குழல் நீளும். ஆனால் எல்லாச் செடியின் தூளும் இந்தத் தண்ணீரில் முளைக்காது, சாமந்தி, சூரியகாந்தி வகைகள் அடம்பிடிக்கும். குழல் வந்தால் உயிர் உண்டு என்று உறுதி. வராவிட்டால் ஒன்றும் உறுதி இல்லை.

மூன்றாவது கழித்தல்: குறை தாயிடமா, தந்தையிடமா?

இதற்கு நுண்ணோக்கி வேண்டாம், இரண்டு தொடுதல் போதும். சந்தேகப்படும் தூளை, எப்போதும் நன்றாகக் காய்க்கும் ஒரு செடியின் பூவில் வையுங்கள். எப்போதும் பிடிக்கும் நல்ல தூளை, சந்தேகப்படும் தாயின் பூவில் வையுங்கள். முதலாவது பிடித்து இரண்டாவது விழுந்தால் தாய் மலடு. இரண்டாவது பிடித்து முதலாவது விழுந்தால் தூளில் கோளாறு. இரண்டுமே பிடித்தால் இரண்டு செடியும் நல்லவை, அந்த ஜோடிக்கு மட்டும் பொருத்தமில்லை. இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் வானிலையையும் உங்கள் கையையும் சந்தேகப்படலாம். இந்தச் சோதனைக்காகவே என் தோட்டத்தில் ஓர் அழகில்லாத ஒற்றைச் செம்பருத்தி இருக்கிறது. எதைத் தொட்டாலும் காய்க்கும். அதன் பூவை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அதை மட்டும் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பொருத்தமில்லாத ஜோடிக்கு ஒரு மாற்று, தாய் தந்தையை இடம் மாற்றிப் பார்ப்பது. ஒரு பக்கம் பிடிக்காத கலப்பு மறுபக்கம் பிடிப்பது சகஜம்.

தன் தூளைத் தானே ஏற்காத செடிகளும் நிறைய. அடீனியம் பெரும்பாலும் அப்படித்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு பதியன்கள் உங்களுக்கு இரண்டு செடி, ஆனால் மரபில் ஒரே செடிதான். நண்பரிடமிருந்து வாங்கி வந்ததும், நீங்கள் போன வருடம் அவருக்கே கொடுத்ததன் கிளையாக இருக்கலாம்.

கடைசியாக, நிறமூர்த்த எண்ணிக்கை, அதாவது செல்லுக்குள் மரபைச் சுமக்கும் இழைகளின் எண்ணிக்கை. ரோஜாவின் அடிப்படை எண் 7. பல காட்டு ரோஜாக்களில் 14, இன்றைய தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலும் 28. இந்த இரண்டையும் கலந்தால் 21 உள்ள பிள்ளை பிறக்கும். அழகாகப் பூக்கும், ஆனால் காய்ப்பதும் தூள் தருவதும் அரிது. டேலில்லியில் 22 உள்ளவையும் 44 உள்ளவையும் உண்டு, ஒன்றோடொன்று பொதுவாகச் சேராது. செடி வாங்கும்போதே இதைக் கேட்டுச் சீட்டில் குறித்துவிட்டால் ஒரு பருவம் மிச்சம். தோட்டங்களில் உள்ள குண்டுமல்லி, பல அடுக்குக் காகிதப்பூ இவற்றில் காயை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். இவை பதியத்தாலேயே பெருகி வந்தவை.

கலப்பில் பிறந்த மலடு புதிய செய்தியும் இல்லை. 1717-ஐ ஒட்டி லண்டன் தோட்டக்காரர் தாமஸ் ஃபேர்சைல்டு, கார்னேஷனையும் அதன் உறவான ஸ்வீட் வில்லியத்தையும் கலந்து ஒரு செடி உண்டாக்கினார். மனிதன் தெரிந்தே செய்த முதல் பூச்செடிக் கலப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது விதை தரவில்லை. அதனாலேயே அதற்குக் "கோவேறு கழுதை" என்று பெயர் வைத்தார்கள்.

காய் பிடித்தது, பாதியில் மஞ்சளித்து விழுந்தது

பத்து நாளைத் தாண்டி விழுந்தால் காயைத் தூக்கி எறியாதீர்கள். பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செம்பருத்திக் காய்க்குள் ஐந்து அறை இருக்கும். விதைகள் வெள்ளையாக, உப்பலாக, ஒரே அளவில் இருந்தால் கரு நன்றாகத்தான் இருந்தது. செடிக்குத்தான் ஏதோ கஷ்டம்: ஒரு நாள் தண்ணீர் விட மறந்தது, தொட்டியை இடம் மாற்றியது, காம்பில் மாவுப்பூச்சி, திடீர் வெயில். இவற்றில் தண்ணீர்தான் முதல் குற்றவாளி. காய் தாங்கும் செடியைத் தொட்டியோடு இடம் மாற்றுவதும் மண் மாற்றுவதும் வேண்டாம். ஒரே செடியில் நிறைய காய் விட்டாலும் அது தானாகவே சிலவற்றை உதறும். சிறு செடிக்கு நாலைந்து காய்க்கு மேல் நான் விடுவதில்லை.

வெட்டிய காய்க்குள் விதைகள் சுருங்கி, பழுப்பேறி, ஒன்றுக்கொன்று அளவு மாறி இருந்தால் கதை வேறு. கரு தானாகச் செத்திருக்கிறது. தூரத்து உறவுகளைக் கலக்கும்போது இது நடக்கும். கருவைச் சுற்றி உணவாக வளர வேண்டிய திசு வளராமல் போய்விடும். ஆய்வகத்தில் பிஞ்சுக் கருவைப் பிரித்தெடுத்துச் சத்துக்கூழில் வளர்த்துக் காப்பாற்றுகிறார்கள். வீட்டில் செய்ய முடிந்தது, அதே கலப்பைப் பல பூக்களில் திரும்பத் திரும்பத் தொடுவது. இல்லாவிட்டால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு செடியைப் பாலமாக வைத்துக்கொள்வது.

காய் முற்றியது, உள்ளே பதர்

மேலே சொன்ன அதே காரணங்கள்தான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கின்றன. தூளில் உயிருள்ளது குறைவாக இருந்தாலும் ஒன்றிரண்டு விதைக்காகக் காய் நின்றுவிடும். பதரோடு ஒரே ஒரு நல்ல விதை இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் தனித் தொட்டியில் போடுங்கள். கஷ்டமான கலப்பில் கிடைத்த ஒற்றை விதைக்கு மதிப்பு அதிகம்.

காய் இருந்தது, விதையைக் காணோம்

அடீனியக் காய் முற்ற இரண்டரை, மூன்று மாதம் ஆகும். பச்சையாகவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் மதியம் நீளவாக்கில் வெடிக்கும். விதையின் இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம் உண்டு, காற்று வந்தால் மொத்தமும் பறந்துவிடும். என் முதல் நல்ல கலப்பு, எழுபத்தைந்து நாள் காத்திருந்த கொம்பு, நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில் வெடித்துவிட்டது. தரையில் பதினொரு விதை கிடைத்தது. மீதி எங்கே போயிற்றோ. அன்றிலிருந்து காய் விரல் நீளம் வந்ததுமே நூலால் மூன்று இடத்தில் தளர்வாகச் சுற்றிக் கட்டி, மேலே வலைப்பையும் போடுகிறேன். நூலை இறுக்கிக் கட்டினால் காய் பருக்கும்போது வெட்டும்.

செம்பருத்திக் காய் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பழுப்பேறி நுனியில் பிளக்கும். மழை அல்லிக்கு மூன்று நான்கு வாரம் போதும், அதுவும் சொல்லாமல் வெடிக்கும். ரோஜாப் பழம் மூன்றரை, நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். வெடிக்காது, ஆனால் அணில் பார்த்துவிட்டால் போச்சு.

விதை முளைக்கவில்லை

எந்தச் செடி என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். அடீனியமும் மழை அல்லியும் புதிதாக இருக்கும்போதே போட வேண்டும், வைக்க வைக்க முளைப்பு குறையும். அடீனியம் புதிதாகப் போட்டால் ஒரு வாரத்துக்குள்ளேயே தலை காட்டும். செம்பருத்தி விதைக்குத் தோல் கெட்டி. முனை இல்லாத உருண்டைப் பக்கத்தில் நகவெட்டியாலோ உப்புத்தாளாலோ லேசாகச் சீவி, வெள்ளை தெரிந்ததும் நிறுத்தி, ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். கூர்முனைப் பக்கம் கருவின் வேர் இருக்கிறது, அங்கே கை வைக்க வேண்டாம்.

ரோஜா விதைக்குக் குளிர்காலம் கடந்துவிட்டது என்ற நம்பிக்கை வர வேண்டும். சதையை நீக்கிக் கழுவி, ஈரமான கோகோபீட்டில் கலந்து, பைக்குள் மூடி, 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்சாதனப் பெட்டியில் 6 முதல் 12 வாரம். உறையும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் எல்லாம் ஒரே நாளில் முளைக்காது, சில விதைகள் அடுத்த வருடம்தான் வரும். தட்டைக் கொட்டிவிட அவசரப்படாதீர்கள்.

முளைத்த நாற்று மண்மட்டத்தில் நீர்கோத்து, சுருங்கி, சாய்ந்தால் அது மண்ணில் வாழும் பூஞ்சை வகையறா. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றுக்கு மேல்தண்ணீரை நிறுத்தி, தட்டுக்குக் கீழிருந்து உறிஞ்சவிட்டு, மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். அடுத்த முறை புதுக் கலவை, கழுவிய தட்டு, நெருக்கமில்லாத விதைப்பு.

நாற்று எல்லாம் அம்மாவை உரித்து வைத்திருக்கிறது

இரண்டு காரணம் இருக்க முடியும். நான் இரண்டிலுமே மாட்டியவன், அதுவும் ஒரே செடியில்.

மஞ்சள் மழை அல்லியில் இளஞ்சிவப்பு மழை அல்லியின் தூளைத் தொட்டு, இரண்டு வருடம் நாற்று வளர்த்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். பூத்தது அத்தனையும் மஞ்சள். மொட்டு விரிந்த பிறகு மகரந்தப்பைகளைக் கிள்ளியது என் தப்பு, அதற்குள் அது தன் தூளைத் தானே வாங்கியிருக்கும் என்று நினைத்தேன். சரி, மறு வருடம் மலர்வதற்கு முந்தின மாலையே மொட்டைப் பிரித்து, ஆறு தாள்களையும் இடுக்கியால் எடுத்து, வலைப்பை போட்டு, காலையில் தொட்டேன். மறுபடியும் மஞ்சள்.

அப்புறம்தான் இன்னொரு காரணம் இருப்பது புரிந்தது. மழை அல்லி இனத்தில் சில வகைகள் தாயின் திசுவிலிருந்தே கருவை உண்டாக்கிக்கொள்கின்றன. விதை பிடிக்க மகரந்தம் வேண்டும், ஆனால் அந்த மகரந்தத்தின் மரபு கருவில் சேராது. விதை மூலமாகவே பதியம் போட்ட மாதிரி. இப்படிப்பட்ட செடியைத் தாயாக வைத்துக் கலப்பு செய்ய நினைப்பது வீண். ஆனால் அதன் தூள் நல்ல தூள். அதைத் தந்தையாக்கி, இளஞ்சிவப்பைத் தாயாக்கியபோதுதான் பீச் நிறத்தில் என் முதல் உண்மையான கலப்பு பூத்தது.

எது காரணம் என்று பிரித்தறிய எளிய வழி: மகரந்தப்பைகளை முன்கூட்டியே எடுத்த இரண்டு பூக்களில் ஒன்றைத் தொடாமலே பையால் மூடி விடுங்கள். அது விதை தந்தால் எங்கோ தூள் கசிகிறது, அல்லது செடி தூளே இல்லாமல் விதை கட்டுகிறது. தொட்டது மட்டும் விதை தந்து, பிள்ளைகள் அத்தனையும் தாயைப் போலவே இருந்தால், மேலே சொன்ன தந்திரக்காரச் செடிதான்.

ரோஜாவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மொட்டு மலர்வதற்கு முந்தின நாள் இதழ்களை நீக்கி, மகரந்தத்தாள்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, மூடிவிட்டு, மறுநாள் சூல்முடி பசபசக்கும்போது தொடுங்கள். செம்பருத்தியில் சூல்முடி பைகளுக்கு மேலே தள்ளி இருப்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் காலையில் பை வெடிக்கும் முன்பே பற்குச்சியால் சுரண்டிவிடுவது நல்லது.

கலப்பு உண்மைதான், ஆனால் எதிர்பார்த்த குணம் வரவில்லை

சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்தால் பிள்ளைகள் இளஞ்சிவப்பாக வரும். இப்படி எல்லாக் குணங்களும் பாதியாகக் கலந்துகொள்வதில்லை. பல குணங்கள் முதல் தலைமுறையில் முழுசாக மறைந்துவிடும். மெண்டல் 1866-இல் பட்டாணியை வைத்து எழுதியது இதைத்தான்: மறைந்தது அழியவில்லை, அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாகத் திரும்பி வரும்.

ஆகவே முதல் தலைமுறையைக் குப்பையில் போடாதீர்கள். அண்ணன் தங்கை நாற்றுகளை ஒன்றோடொன்று கலந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்துப் பாருங்கள். நாலில் ஒன்று என்றால் நாலு நாற்று போதும் என்று கணக்குப் போடாதீர்கள். 95 சதவீத நம்பிக்கை வேண்டுமானால் 11 நாற்று வேண்டும். மறைந்த குணங்கள் இரண்டும் ஒரே செடியில் சேர வேண்டும் என்றால் 47. நிறமூர்த்தங்கள் நாலு மடங்காக உள்ள ரோஜாவில் ஒரே ஒரு குணத்துக்கே நூறைத் தாண்டும். இடம் இல்லாதவர்கள் ஒரே ஒரு குணத்தைக் குறிவைத்து வேலை செய்வதே புத்திசாலித்தனம். பத்துக் கலப்பில் ஐந்தைந்து நாற்று வளர்ப்பதைவிட ஒரே கலப்பில் ஐம்பது வளர்ப்பது எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

வரி இலைக்குத் தனிக் கணக்கு. இலையில் வெள்ளை வரி உள்ள செடியின் தூளை எடுத்து எத்தனை தாயில் தொட்டாலும் ஒரு வரி இலைகூட வராமல் போகலாம். ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் கோரென்ஸ் 1909-இல் அந்திமந்தாரையில் இதைக் காட்டினார். இலைப் பச்சையத்தைச் சுமக்கும் உறுப்புகள் பல செடிகளில் தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகின்றன. எனவே வரி இலைச் செடியைத் தாயாக்குங்கள், அதுவும் வரி உள்ள கிளையிலேயே பூவைத் தேர்ந்தெடுங்கள். முழு வெள்ளைக் கிளையில் பிறக்கும் நாற்று பச்சையம் இல்லாமல் செத்துப்போகும்.

நாற்று வளர்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது

வயது போதாமல் இருக்கலாம். செம்பருத்திக்கு விதையிலிருந்து ஒன்று முதல் இரண்டு வருடம் சாதாரணம். அடீனியத்துக்கு ஒரு வருடமாவது ஆகும். இன்றைய தோட்ட ரோஜாக்களின் பிள்ளைகள் சில, முளைத்து இரண்டு மாதத்திலேயே குட்டிப் பூ ஒன்றைக் காட்டிவிடும். வருடத்துக்கு ஒரே முறை பூக்கும் காட்டு ரோஜாவைக் கலந்திருந்தால் பிள்ளைகளும் இரண்டு மூன்று வருடம் கழித்து, வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் மறைந்து நிற்கிறது, பேரப்பிள்ளையில்தான் வரும்.

வயது ஆகியும் பூக்கவில்லை என்றால் நிழலோ தழைச்சத்தோ அதிகமாகிவிட்டது. அவ்வளவுதான்.

முதல் பூவை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. செம்பருத்தி நாற்றின் முதல் பூ சிறுத்து, நிறம் மங்கி, இதழ் கோணலாக வரலாம். மூன்றாவது சுற்றுப் பூவையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பூ நன்றாக இருந்து செடி மட்டும் நோஞ்சானாக இருந்தால், பலமான ஒரு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிப் பாருங்கள். சொந்த வேரில் திணறுகிற செம்பருத்தி ஒட்டில் செழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிடித்த பூ வந்துவிட்டது, அதன் விதையில் அது வரவில்லை

வராது. அது கலப்பு, விதையில் மறுபடி கலைந்துவிடும். அந்த ஒரு செடியைப் பதியமாகவோ ஒட்டாகவோ மட்டுமே பெருக்க முடியும். பூ பிடித்தது என்று தெரிந்த அதே வாரத்தில் இரண்டு கிளை வெட்டிப் பதியம் போட்டு, ஒன்றை வேறொருவர் தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். பெற்றோர் பெயரும் தேதியும் உள்ள சீட்டையும் கூடவே கட்டி அனுப்புங்கள்.